அம்பாசிடரின் மின்சாரமும் பாடியின் டைனமோவும்

பழைய அம்பாசிடர் வைத்திருந்தவர்களிடம் அந்த வண்டியின் குறை என்னவென்று கேட்டுப் பாருங்கள். என்ஜினைக் குறை சொல்பவர்கள் குறைவு. அடிப்பாகத்தைக் குறை சொல்பவர்கள் இன்னும் குறைவு. "காலையில் செல்ஃப் எடுக்காது, ராத்திரியில் லைட் மங்கும், மழை பெய்தால் நின்றுவிடும்" என்பார்கள். மூன்றுமே மின்சாரக் கோளாறுகள். இந்தக் கோளாறுகளின் கதையில் நம் பாடிக்கும் அம்பத்தூருக்கும் பெரிய பங்கு உண்டு. குத்தம்பாக்கம், திருமழிசை, பூந்தமல்லிப் பக்கம் வசிக்கும் அன்பர்கள் அறிந்துகொள்ள வேண்டிய உள்ளூர் வரலாறு இது என்பதால் எழுதுகிறேன்.

முதலில் வண்டி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942-இல் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தொடங்கப்பட்டு, 1948-இல் வங்காளத்தின் உத்தரபாராவுக்கு மாறியது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை வண்டியின் அச்சுகளை வாங்கிவந்து, 1957-58 வாக்கில் அம்பாசிடரைக் கொண்டுவந்தார்கள். பம்பாயில் பிரீமியர் நிறுவனம் ஃபியட் செய்தது. நம் சென்னையில், வண்டலூரில், ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961 முதல் ஹெரால்டு செய்தது. இந்த மூன்றுதான் அக்காலத்து இந்தியக் கார்கள்.

இவை மூன்றோடு நின்றதற்குக் காரணம் அரசின் கொள்கை. 1953-இல் டாரிஃப் கமிஷன் சொன்னபடி, உதிரி பாகங்களைப் படிப்படியாக இந்தியாவிலேயே செய்யும் திட்டம் உள்ளவர்களுக்கு மட்டுமே கார் தொழிலில் இடம் என்று அரசு முடிவு செய்தது. வெளிநாட்டிலிருந்து பாகங்களை இறக்கி இங்கே பூட்டி மட்டும் விற்ற ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டிக்கொண்டு போயின. அப்படியானால் டைனமோ, செல்ஃப் மோட்டார், டிஸ்ட்ரிபியூட்டர், காயில் எல்லாம் யார் செய்வது?

அந்தக் கேள்விக்குப் பதில் பாடியில் கிடைத்தது. மதுரையில் 1911-இல் பஸ் தொழிலில் இறங்கிய டி.வி.சுந்தரம் ஐயங்காரின் குடும்பத்தார், பர்மிங்ஹாமின் ஜோசஃப் லூக்காஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 1961-இல் லூக்காஸ் டிவிஎஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதே வட்டாரத்தில் வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்று ஒவ்வொன்றாக எழும்பின. வயல்களும் ஏரிகளும் நிறைந்திருந்த பாடி, ஷிப்டு சங்கு ஊதும் ஊராகிவிட்டது. இன்றும் பஸ்ஸில் "லூக்காஸ் ஒரு டிக்கெட்" என்று கேட்கிறோம். ஓர் ஆங்கில விளக்கு வியாபாரியின் பெயர் நம் நிறுத்தத்துக்குப் பெயராகிவிட்டது. ஆம், ஜோசஃப் லூக்காஸ் பர்மிங்ஹாம் தெருக்களில் மண்ணெண்ணெய் விற்று, பிறகு சைக்கிள் விளக்கு செய்து முன்னுக்கு வந்தவர்.

அந்தப் பெயருக்கு இங்கிலாந்திலேயே ஒரு கேலியும் உண்டு. பழைய வண்டிக்காரர்கள் லூக்காஸை "இருட்டின் இளவரசன்" என்பார்கள், விளக்கு எப்போது அணையும் என்று தெரியாது என்ற பொருளில். கேலி சிரிக்கத்தக்கதுதான். ஆனால் கோளாறின் பெரும் பகுதி அந்தக் காலத்து டைனமோ முறையிலேயே இருந்தது. எந்த முத்திரை போட்டிருந்தாலும் அதுதான் கதி. கணக்குப் போட்டால் விளங்கும்.

அக்காலத்து லூக்காஸ் டைனமோக்களில் பரவலாக இருந்த வகை அதிகபட்சம் 22 ஆம்பியர் தரும். அதுவும் வண்டி நன்றாக ஓடும்போதுதான். 12 வோல்ட் வண்டியில் 45 வாட் முன்விளக்கு இரண்டு எரிந்தால் ஏழரை ஆம்பியர் போய்விடும். காயில், வைப்பர், பின்விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு எல்லாம் சேர்ந்தால் இன்னொரு ஏழு, எட்டு. மிச்சம் ஏழு ஆம்பியர்தான் பேட்டரியை நிரப்ப. இதற்குமேல் நம் ஆட்கள் ரேடியோ வைப்பார்கள், டாஷ்போர்டில் குட்டி ஃபேன் வைப்பார்கள், இரட்டை ஹாரன் வைப்பார்கள்.

இதைவிட மோசமானது நிற்கும் நேரம். டைனமோ மெதுவாகச் சுற்றினால் அதன் வோல்டேஜ் பேட்டரியைவிடக் குறைந்துவிடும். அப்போது பேட்டரியிலிருந்து மின்சாரம் டைனமோவுக்குள் திரும்பப் பாயாமல் இருக்க, கட்-அவுட் என்ற சின்னக் கருவி இணைப்பைத் துண்டிக்கும். லெவல் கிராசிங்கில் கேட் மூடியிருக்கிறது, மழை பெய்கிறது, லைட்டும் வைப்பரும் ஓடுகின்றன என்று வையுங்கள். அந்த நேரம் முழுவதும் வரவு ஒன்றுமில்லை, செலவு மட்டும்தான். கட்-அவுட்டின் பாயின்ட் கருகி ஒட்டிக்கொண்டால் இன்னும் ஆபத்து. வண்டி நின்ற பிறகும் பேட்டரி டைனமோவுக்குள் பாய்ந்து, பேட்டரியும் காலியாகும், ஆர்மேச்சரும் கருகும். காலையில் செல்ஃப் "டக்" என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடும். பிறகு முன்பம்பரின் ஓட்டையில் ஹேண்டிலை நுழைத்துச் சுற்ற வேண்டியதுதான், அல்லது தெருப் பையன்களைக் கூப்பிட்டுத் தள்ள வேண்டியதுதான்.

நான் அரசு அலுவலகம் ஒன்றில் வண்டிகளின் லாக் புத்தகத்தையும் ரிப்பேர் பில்லையும் சில ஆண்டுகள் பார்த்தவன். ஒரே வண்டிக்குத் திரும்பத் திரும்பப் புது பேட்டரி கேட்டு எழுதுவார்கள். அங்கே வண்டி ஓட்டிய பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "சார், பேட்டரி மேல தப்பே இல்ல. ஆபீசர் வீட்டுல இருந்து ஆபீஸ் ரெண்டு மைல். நாலு தடவ ஸ்டார்ட் பண்றோம். பேட்டரி எப்ப சார் நெறயும்?" பில்லில் எழுத முடியாத உண்மை அது.

அடுத்த குறை, எர்த். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எர்த்தைப் பிரெஞ்சில் "மாஸ்" என்பார்கள், அதாவது மொத்த உடல். இந்தச் சொல் விஷயத்தைச் சரியாகவே சொல்கிறது. காரில் விளக்குக்குப் போக ஓர் ஒயர்தான். திரும்பி வரும் வழி வண்டியின் இரும்பு உடம்பே. அந்த இரும்பில் துரு ஏறினால், பெயின்ட் மறைத்தால், எர்த் பட்டை தளர்ந்தால் மின்சாரம் வேறு வழி தேடும். வலப்பக்க இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கு மினுக்கும். பிரேக் அழுத்தினால் வேறொரு விளக்கு மங்கும். பேய் பிடித்த வண்டி என்று விற்றவர்களும் உண்டு. உப்புக்காற்று வீசும் சென்னையில் இது எத்தனை வண்டிகளைப் படுத்தியிருக்கும் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். நல்ல எலக்ட்ரீஷியன் செய்த வைத்தியம் எளியது. உப்புத்தாளால் தேய்த்து, பட்டையை முறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவிவிடுவார்.

இன்னொரு வினோதமும் உண்டு. 1960-களின் நடுப்பகுதி வரை ஆங்கிலேய வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையைத்தான் உடம்போடு இணைத்தார்கள். பிறகு உலகம் முழுவதும் நெகட்டிவ் எர்த் என்று ஆனது. இரண்டும் ஓடிய காலத்தில் பேட்டரியைத் தலைகீழாக மாட்டிவிட்டு ரேடியோவைப் பொசுக்கியவர்கள் அநேகர்.

இதற்கெல்லாம் தீர்வாக வந்தது ஆல்டர்னேட்டர். அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம் 1960-இல் வேலியன்ட் காரில் வழக்கமான பாகமாகவே அதை வைத்தது. டைனமோவில் மொத்த மின்சாரமும் சுற்றுகிற ஆர்மேச்சரிலிருந்து கார்பன் பிரஷ் வழியாக வெளியேற வேண்டும். ஆல்டர்னேட்டரில் மின்சாரம் வெளியே நிற்கும் சுருள்களில் உண்டாகிறது. பிரஷ் வழியே உள்ளே போவது காந்தத்துக்கான சிறு மின்சாரம் மட்டுமே. ஆகவே வேகமாகச் சுற்றவிடலாம், வண்டி நின்றிருந்தாலும் சார்ஜ் ஏறும். அது தருவது ஏ.சி. மின்சாரம். அதை டி.சி.யாக மாற்ற சிலிக்கான் டயோடு வேண்டும். டயோடு மலிவானபோதுதான் ஆல்டர்னேட்டர் சாத்தியமாயிற்று. டயோடே திரும்பிப் பாய்வதைத் தடுத்துவிடுவதால் கட்-அவுட்டுக்கும் வேலை போயிற்று.

போட்டி இல்லாத சந்தையில் இந்த மாற்றம் நம் கார்களுக்கு மெதுவாகவே வந்தது. வாங்குபவர் வருடக் கணக்கில் காத்திருக்கும்போது செய்பவருக்கு என்ன அவசரம்? 1983 டிசம்பரில் மாருதி வந்த பிறகுதான் காலையில் சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்ப வேண்டும் என்பது வாடிக்கையாளரின் உரிமை என்று நமக்குத் தோன்றியது.

அந்த இடைக்காலத்தில் அம்பாசிடரையும் ஃபியட்டையும் ஓடவைத்தவர்கள் தெருவோர ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள். ஒரு டெஸ்ட் லாம்ப், ஒரு ஹைட்ரோமீட்டர், ஈயம் பற்றவைக்கும் இரும்பு, இவைதான் மூலதனம். ஆர்மேச்சரை ரீவைண்டிங் செய்வார்கள், பிரஷ் மாற்றுவார்கள். புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் தேடி, டைனமோ இருந்த இடத்தில் ஆல்டர்னேட்டரைப் பொருத்திக் கொடுத்தார்கள். பாசிட்டிவ் எர்த் வண்டியென்றால் பேட்டரியைத் திருப்பி, காயில் ஒயர்களை மாற்றிய பிறகே ஆல்டர்னேட்டரை இணைக்க வேண்டும். மறந்தால் டயோடு நொடியில் போய்விடும். பள்ளிக்கூடத்தில் எட்டாவது தாண்டாதவர்கள் இதையெல்லாம் பிசகில்லாமல் செய்தார்கள். பாடித் தொழிற்சாலைகளில் செய்யப்பட்டதைப் பாடிக்கு வெளியே காப்பாற்றியவர்கள் இவர்களே. ஆனால் எந்த மலரிலும் இவர்கள் பெயர் கிடையாது.

இவர்களிடமும் ஒரு தவறான பழக்கம் இருந்தது, சொல்லத்தான் வேண்டும். அந்தக் காலத்து ஆங்கிலேய வடிவ வண்டிகளில் மொத்தமே இரண்டு ஃபியூஸ். முன்விளக்கு போன்ற முக்கிய ஒயர்கள் ஃபியூஸ் வழியாகவே போகாது. இருக்கிற இரண்டும் அடிக்கடி போகிறதென்று சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளையோ செப்புக் கம்பியையோ சுற்றிவிடுவார்கள். ஃபியூஸ் உருக வேண்டிய இடத்தில் ஒயர் உருகும். பழைய வண்டிகளில் துணி சுற்றிய ரப்பர் ஒயர்தான். வெயிலில் வெடித்து, எலி கடித்து, எங்காவது இரும்பில் உரசினால் டாஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து புகை வரும். பக்கத்திலேயே பெட்ரோல் குழாய்.

அம்பாசிடர் 2014 மே மாதத்தோடு நின்றது. 2017-இல் அந்தப் பெயரை 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது பிரான்சின் பெஜோ நிறுவனம். நமக்குப் பக்கத்தில் திருவள்ளூரில், 1998 முதல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மிட்சுபிஷி லான்சர் செய்த ஆலையில் இப்போது பெஜோவின் சகோதர நிறுவனமான சித்ரோயனின் கார்கள் தயாராகின்றன. பிரெஞ்சு படித்த எனக்கு இதில் ஒரு சிறு மகிழ்ச்சி. ஆனால் அந்தப் புது வண்டிகளில் ஒரு விளக்கு எரியாவிட்டாலும் கம்ப்யூட்டரை மாட்டித்தான் பார்க்க வேண்டும். டெஸ்ட் லாம்ப்காரருக்கு அங்கே வேலை இல்லை.

உங்களில் யாராவது இன்னும் பழைய அம்பாசிடரோ பத்மினியோ ஹெரால்டோ வைத்திருந்தால் மூன்று காரியம் செய்யுங்கள். எர்த் பட்டையைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். வெள்ளித்தாளை எடுத்துவிட்டு உரிய ஃபியூஸ் போடுங்கள். முன்விளக்கு ஒயருக்குத் தனி ஃபியூஸ் வைக்கச் சொல்லுங்கள். இந்த வேலை தெரிந்த கடைசித் தலைமுறைக்காரர்கள் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் கொடுத்துச் செய்யுங்கள். பக்கத்தில் ஒரு பையனை நிறுத்திப் பார்க்கவும் சொல்லுங்கள்.