பஞ்சப்படி வந்த வழி

திருப்பூர் என்றவுடன் மாணவர்களாகிய உங்கள் நினைவுக்கு முதலில் வருபவர் கொடி காத்த குமரனாகவே இருப்பார். அவர் அடிபட்டு உயிர் நீத்தது 1932-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில். அரை நூற்றாண்டுக்குப்பின், 1984-இல், அதே நகரத் தெருக்களில் இன்னொரு போராட்டம் நிகழ்ந்தது. அப்போது கேட்கப்பட்டது விடுதலையன்று, பஞ்சப்படி. பாடநூல் எதிலும் அதனை நான் கண்டதில்லை. ஆகவே அதனை இன்று சொல்ல விரும்புகின்றேன்.

பஞ்சப்படி என்பது என்ன? அரிசி விலையும் எண்ணெய் விலையும் ஏறும்போது, நேற்று ஒரு வாரத்திற்குப் போதிய கூலி இன்று ஐந்து நாளிலேயே தீர்ந்துவிடுகிறது. கூலி குறையவில்லை, அதன் வலிமை குறைந்துவிட்டது. இந்தக் குறையை ஈடு செய்யத் தருவதே பஞ்சப்படி. முதல் உலகப் போர்க் காலத்து விலையேற்றத்தின்போது பம்பாய்ப் பஞ்சாலைகளில் இத்தகைய படி தோன்றியது. நாளடைவில், விலைவாசிக் குறியீட்டெண் ஒரு புள்ளி ஏறினால் இத்தனை காசு என்று கணக்கிடும் முறை வேரூன்றியது. இதில் அடங்கிய கருத்து நுட்பமானது. கூலி உயர்வு முதலாளியின் மனநிலையைப் பொறுத்ததாக இராமல், சந்தை விலையைப் பொறுத்ததாக ஆகிவிடுகிறது.

திருப்பூரின் பனியன் தொழில் 1920-களில் முளைத்தது. பின்னாளில் அதனை வளர்த்தவர்களுள் பலர் பிறவிச் செல்வர் அல்லர். சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து வந்து, தையல் பொறியின் முன் அமர்ந்து கூலிக்கு உழைத்து, பின்னர்ச் சிறு முதல் திரட்டிச் சொந்தக் கம்பெனி தொடங்கியவர்கள் அவர்கள். "நாங்களும் நேற்றுவரை தொழிலாளிகளே" என்று அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. ஆயின் அந்தப் பெருமையே அவர்களுடைய காதை அடைத்தும்விட்டது. தாம் உயர்ந்ததுபோல் இவனும் உயரட்டுமே, படி எதற்கு என்று எண்ணினார்கள். எல்லோரும் முதலாளி ஆகிவிட்டால் தைப்பவர் யார் என்று அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

தொழிற்சங்கங்கள் கூடி அறிவித்த வேலைநிறுத்தம் 127 நாள் நீடித்தது. சனிக்கிழமைதோறும் கூலி வாங்கிப் பழகிய குடும்பத்திற்கு அது பதினெட்டுச் சனிக்கிழமை. நான் அப்போது இளம் ஆசிரியன். என் வகுப்பில் சில பையன்கள் முதலில் நோட்டுப் புத்தகமின்றி வந்தார்கள். பின்னர் வராமலே போனார்கள். கம்பெனிகள் திறந்தபின் அவர்களுள் இருவரை வழியில் கண்டேன். கைமடி வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள். தைப்பவர் அருகே நின்று துணி மடித்துக் கொடுக்கும் வேலை அது. "அடுத்த வருசம் வந்துடறனுங்க சார்" என்றான் ஒருவன். வரவில்லை.

இறுதியில் பஞ்சப்படி ஒப்பந்தத்தில் இடம்பெற்றது. தொழிலாளர் வென்றனர் என்றே அன்று யாரும் சொல்லியிருப்பர். ஆனால் அதன் பின்விளைவைப் பாருங்கள். ஒரே கூரையின்கீழ் நடந்த வேலை பல துண்டுகளாகப் பிரிந்தது. பின்னுதல் ஓரிடம், சாயமிடுதல் ஓரிடம், வெட்டுதல் ஓரிடம், தைத்தல் வேறோரிடம். 'பவர் டேபிள்' எனப்படும் சிறு தையல் கூடங்கள் சந்துதோறும் தோன்றின. வெளிநாட்டு ஏற்றுமதி பெருகியதும், அவசர வேலைகள் மிகுந்ததும் இதற்குக் காரணமே. எனினும் மற்றொன்றையும் மறைத்தலாகாது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், மின்விசையால் இயங்கும் இடமாயின் பத்துப் பேர் வேலை செய்தால்தான் தொழிற்சாலை என்று கொண்டது. எட்டுப் பேர் கொண்ட கூடம் அச்சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படவில்லை. பஞ்சப்படி தரவேண்டிய முதலாளி யார் என்ற கேள்வியே குழம்பிப்போயிற்று.

இந்த இடத்தில் இராபர்ட் ஓவன் என்பவரைச் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தின் நியூ லானார்க் என்னுமிடத்தில் பெரிய பஞ்சாலையை நடத்தியவர். ஒருமுறை அமெரிக்காவிலிருந்து பஞ்சு வருவது தடைப்பட்டது. ஓவன் ஆலையை நிறுத்தினார், ஆட்களை நீக்கவில்லை. பொறிகளைத் துடைத்துப் பேணும் வேலை மட்டும் கொடுத்து, நான்கு மாதம் முழுக்கூலி வழங்கினார். ஏழாயிரம் பவுனுக்கு மேல் செலவாயிற்று. அவரை முனிவர் என்று நான் சொல்ல வரவில்லை. ஒவ்வொரு தொழிலாளியின் அருகிலும் நிறம் தீட்டிய மரக்கட்டையைத் தொங்கவிட்டு, அவனுடைய நடத்தைக்கு நாள்தோறும் மதிப்பெண் இட்டவர் அவர். நாங்கள் பள்ளியில்கூட அவ்வளவு செய்ததில்லை! ஆயினும் அங்கே வேலை நின்றபோது, பொறுப்பேற்க வேண்டியவர் யார் என்று எவரும் தேட வேண்டியிருக்கவில்லை.

2020 மார்ச்சுத் திங்களில் நோய்த்தொற்றுக்காக நாடு முழுவதும் முடக்கப்பட்டபோது, திருப்பூரிலும் பொறிகள் நின்றன. தங்க இடமும் அரிசியும் கொடுத்துத் தம் ஆட்களைக் காத்த உரிமையாளர்கள் உண்டு. அதனை மறுத்தல் நன்றியன்று. மே மாதத்தில் பீகார் முதலிய மாநிலங்களுக்குச் சிறப்பு இரயில்கள் புறப்பட்டன. ஊர் திரும்பியவர்களுள் பலர் ஒப்பந்தக்காரர் வழியாக வேலைக்கு வந்தவர்கள். தாம் தைத்த பனியனில் எந்த நிறுவனத்தின் பெயர் இருந்தது என்பதை அவர்கள் அறிவர். தமக்கு வரவேண்டிய கூலி பாக்கியை யாரிடம் கேட்பது என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை.