பரவனாறு

பரவனாறு என்பது தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தில், நெய்வேலியை ஒட்டிப் பாயும் ஒரு சிறிய ஆறு ஆகும். வடக்கே கெடிலம், தெற்கே வெள்ளாறு ஆகியவற்றுக்கு இடைப்பட்ட நிலத்தின் மழைநீரை வடித்து, பெருமாள் ஏரி வழியாக வங்காள விரிகுடாவை அடைகிறது. தமிழ்நாட்டின் 17 ஆற்றுப் படுகைகளில் பரவனாற்றுப் படுகையும் ஒன்றாகக் கணக்கிடப்படுகிறது. இயல்பில் மழைக்காலத்தில் மட்டுமே ஓடக்கூடிய இந்த ஆறு, நெய்வேலிச் சுரங்கங்களிலிருந்து வெளியேற்றப்படும் நீரால் கோடையிலும் ஓடுகிறது.

ஆற்றின் போக்கு

நெய்வேலியைச் சூழ்ந்த செம்மண் மேட்டு நிலத்திலிருந்து வரும் ஓடைகள் இணைந்து பரவனாறு உருவாகிறது. சுரங்கப் பகுதியின் தெற்கிலும் கிழக்கிலும் நிலம் தாழ்ந்து நெல்வயல்களாக மாறுகிறது. இத்தாழ்நிலத்தில் வாலாஜா ஏரியும், அதற்குக் கீழே பெருமாள் ஏரியும் உள்ளன. பெருமாள் ஏரியிலிருந்து வெளியேறும் நீர் கடலுக்கு இணையாக வடக்கு நோக்கிச் சென்று, உப்பனாறு என்ற கழிமுகமாகக் கடலூர் முதுநகர் அருகே கடலில் கலக்கிறது.

சுரங்க நீர்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கப் பணி 1957 மே 20 அன்று அப்போதைய பிரதமர் ஜவகர்லால் நேருவால் தொடங்கி வைக்கப்பட்டது. இங்கு நிலக்கரிப் படிவத்திற்குக் கீழே அழுத்தம் மிக்க நிலத்தடி நீர்த்தாங்கி உள்ளது. இந்நீர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் வரை மேல்நோக்கி அழுத்துகிறது. நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரை வெடித்து நீர் புகுந்துவிடும். எனவே ஆழ்துளைக் கிணறுகள் மூலம் இரவும் பகலும் நீர் இறைக்கப்படுகிறது. சுரங்கக் குழியில் தேங்கும் மழைநீரும் வெளியேற்றப்படுகிறது.

இந்நீரின் ஒரு பகுதி நகரியத்திற்கும் அனல்மின் நிலையங்களுக்கும் பயன்படுகிறது. எஞ்சியது ஓடைகள் வழியாகப் பரவனாற்றிலும் ஏரிகளிலும் சேர்ந்து பாசனத்திற்கு உதவுகிறது. மறுபுறம், சுற்றுவட்டாரக் கிணறுகளில் நீர்மட்டம் தாழ்ந்துவிட்டது என்பது உழவர்களின் நெடுநாள் முறையீடு. ஒரே நீர் மேட்டுநில உழவருக்கு இழப்பாகவும் ஏரிப்பாசன உழவருக்கு வரவாகவும் அமைந்துள்ளது.

ஏரிக்கரை வழி

வாலாஜா ஏரி நெடுங்காலம் தூர்ந்து கிடந்தது. 2010களில் நெய்வேலி நிறுவனத்தின் நிதியுதவியுடன் தூர்வாரப்பட்டது. பெருமாள் ஏரி குறிஞ்சிப்பாடிக்கும் ஆலப்பாக்கத்திற்கும் இடைப்பட்ட பகுதியில் நீண்டு அமைந்துள்ளது. பிற தமிழக ஏரிகளைப் போலவே இதன் கரையும் ஊர்களை இணைக்கும் நடைவழியாகப் பயன்படுகிறது. கரைமேல் நடப்பவருக்கு ஒருபுறம் நீர்ப்பரப்பும், மறுபுறம் அதைவிடத் தாழ்ந்த ஆயக்கட்டு வயல்களும் தெரியும். மதகுகள் வழியாக நீர் வயலுக்குப் பாயும் முறையை இங்கு நேரில் காணலாம். கொக்கு, நாரை, நீர்க்காகம் முதலிய பறவைகள் இரை தேடி வருகின்றன. வடகிழக்குப் பருவமழையின்போது கரை வழுக்கும். உடைப்பு ஏற்படும் ஆபத்தும் உண்டு.

வெள்ளம்

2015 நவம்பர் 9 அன்று நெய்வேலிப் பகுதியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி வட்டாரங்களில் உயிரிழப்பும் பெரும் பயிர்ச்சேதமும் ஏற்பட்டன. பெருமழை நாட்களில் சுரங்க நீரும் சேர்ந்து வருவதால் தாழ்நில ஊர்களின் வெள்ளம் மிகுகிறது என்று உழவர்கள் குறை கூறுகின்றனர்.

ஆற்றின் திசைமாற்றமும் 2023 போராட்டமும்

இரண்டாம் சுரங்கத்தை விரிவாக்குவதற்காகப் பரவனாற்றுக்கு ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளப் புதிய கால்வாய் திட்டமிடப்பட்டது. எஞ்சியிருந்த 1.5 கிலோமீட்டர் பணிக்காக 2023 ஜூலை 26 அன்று வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிர் மீது இயந்திரங்கள் இறக்கப்பட்டன. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்று நிறுவனம் கூறியது. கூடுதல் இழப்பீடும் வேலைவாய்ப்பும் கோரி வந்த உழவர்கள் எதிர்த்தனர். ஜூலை 28 அன்று நெய்வேலியில் பாட்டாளி மக்கள் கட்சி நடத்திய முற்றுகைப் போராட்டம் வன்முறையில் முடிந்தது. சேதமடைந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்கவும், அறுவடைக்குப் பின் செப்டம்பர் 15க்குள் நிலத்தை ஒப்படைக்கவும் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

சூழல் சிக்கல்கள்

2023 ஆகஸ்டில் பூவுலகின் நண்பர்கள் அமைப்பும் மந்தன் ஆய்வு மையமும் வெளியிட்ட அறிக்கை, நெய்வேலியைச் சுற்றியுள்ள நீரிலும் மண்ணிலும் மாசு கலந்திருப்பதாகத் தெரிவித்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இதைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. மேல்மண் குவியல்களிலிருந்து அரித்து வரும் வண்டல் ஏரிகளின் கொள்ளளவைக் குறைப்பதும் ஒரு சிக்கலாகும். பழுப்பு நிலக்கரி தீரும் பொருள். சுரங்கப் பணி நின்றால் நீர் இறைப்பும் நின்றுவிடும். அப்போது பரவனாறு மீண்டும் மழையை மட்டுமே நம்பிய ஆறாகும். ஆகவே ஏரிகளைத் தூர்வாரி மழைநீரைத் தேக்குவது இப்படுகையின் பாசனத்திற்கு இன்றியமையாதது.

இவற்றையும் பார்க்க

நெய்வேலி
பெருமாள் ஏரி
வீராணம் ஏரி
வெள்ளாறு