எபிசோட் 27: ஆரணி ரோட்டில் ஒரு பிளேஸ்மென்ட்

என்னை மாதிரி இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு 'பிளேஸ்மென்ட்'னா ஒரே அர்த்தம்தான்: ஆஃபர் லெட்டர். மருத்துவம், நர்சிங், பிசியோதெரபி படிக்கிறவங்களுக்கு அந்த வார்த்தைக்கு வேற அர்த்தம். படிக்கும்போதே நிஜ ஆஸ்பத்திரியில, நிஜ நோயாளிகள் பக்கத்துல நின்னு கத்துக்குறது. வெளிநாட்டு மாணவர்கள் சில வாரங்களுக்கு இந்தியா வந்து இதைச் செய்வாங்க. பல கல்லூரிகள்ல அதுக்குப் பேர் 'எலெக்டிவ்'.

இது எனக்குத் தெரிய வந்தது எங்க ஆயா மூலமா. ஆயா ஆரணி. நாப்பது வருஷம் குழித்தறியில உக்காந்து பட்டு நெஞ்சவங்க. முட்டி வலி தாங்காம சென்னையில ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். நாலஞ்சு வெள்ளைக்காரப் பசங்க வந்து முட்டியை மடக்கிப் பாத்தாங்க, இங்கிலீஷ்ல பேசிக்கிட்டாங்க, கிளம்பிட்டாங்க. வெளிய வந்ததும் ஆயா கேட்டாங்க: "ஏன்டா, அந்தப் பசங்க என் காலப் பாத்தாங்களே, இன்னா சொன்னாங்க?" என்கிட்ட பதில் இல்ல. பாக்கலாமான்னு ஆயாகிட்ட யாரும் கேக்கவும் இல்ல.

அந்தக் கேள்வியோட வரலாற்றைத் தேடிப் போனா, அது ஆயா ஊர்ப் பக்கமே வந்து நிக்குது.

ஜான் ஸ்கடர் என்ற அமெரிக்க மருத்துவர் 1819-ல் இலங்கைக்கு வந்தார். அமெரிக்காவிலிருந்து வெளிநாடு போன முதல் மருத்துவ மிஷனரி அவர்தான். அவருடைய மகன்கள் 1853-ல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினாங்க. அதோட ஆரம்பகால நிலையங்கள்ல ஆரணியும் ஒண்ணு. ஆக, வெளிநாட்டு மருத்துவம் இந்தப் பக்கம் வந்து 170 வருஷம் ஆச்சு.

அதே காலத்துல யாழ்ப்பாணத்துல ஒரு முக்கியமான சோதனை நடந்தது. 1847-ல் வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் மானிப்பாயில உள்ளூர்ப் பசங்களுக்கு மேற்கத்திய மருத்துவம் கத்துக்கொடுத்தார். முதல்ல இங்கிலீஷ்ல. ஆனா இங்கிலீஷ்ல படிச்சவங்க அரசு வேலை, நல்ல சம்பளம்னு ஊரை விட்டுக் கிளம்பிட்டாங்க. கிராமத்துக்கு யாரும் மிஞ்சல. அதனால கிரீன் பாடத்தையே தமிழுக்கு மாத்தினார். தமிழ் கத்துக்கிட்டு, மருத்துவ நூல்களைத் தமிழ்ல கொண்டுவந்து, கலைச்சொற்களைத் தொகுத்தார். அவர்கிட்ட பயிற்சி பெற்றவங்க அறுபது பேருக்கும் மேல. எந்த மொழியில படிக்கிறோம், எந்த ஊர்ல படிக்கிறோம்ங்கறது, படிச்சவங்க கடைசியில எங்க தங்குவாங்கங்கறதையும் சேர்த்தே முடிவு பண்ணுது. இதை அவர் அப்பவே பிடிச்சுட்டார்.

இப்ப வேலூர். ஆரணியிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். ஜான் ஸ்கடரின் பேத்தி ஐடா ஸ்கடர் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். இந்தியாவில் தங்கும் எண்ணமே அவருக்கு இல்லை. அப்பா திண்டிவனத்தில் இருந்தபோது, ஒரே ராத்திரி மூணு ஆண்கள் வந்து, பிரசவத்துல தவிக்கிற மனைவியைக் காப்பாத்தக் கூப்பிட்டாங்க. ஆண் மருத்துவர் வேணாம்னு மூணு பேருமே சொல்லிட்டாங்க. ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. விடியறதுக்குள்ள மூணு பெண்களும் இறந்துட்டாங்க. இது அவரே திரும்பத் திரும்பச் சொன்ன கதை. 1899-ல் கார்னெல்லில் மருத்துவப் பட்டம் வாங்கிட்டு, 1900-ல் வேலூர்ல ஒரே ஒரு படுக்கையோட கிளினிக் தொடங்கினார்.

நம்ம விஷயத்துக்கு அவர் அடுத்துச் செஞ்சதுதான் முக்கியம். ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவங்களைத் தேடி குடியாத்தம் ரோட்டுல வண்டியில போனார். மரத்தடியில ஜனங்க காத்திருப்பாங்க, அங்கேயே வைத்தியம். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினப்போ முதல் வருஷமே 151 விண்ணப்பம். அந்த மாணவிகளும் இந்த ரோட்டோர கிளினிக்குகளுக்குப் போய்க் கத்துக்கிட்டாங்க. அதாவது நகரம், கிராமம் ரெண்டுலயும் பிளேஸ்மென்ட். அந்தப் பள்ளிதான் இன்னைக்கு சி.எம்.சி.

அப்புறம் திசை திரும்புது. கொல்லிமலையில பிறந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1946-ல் வேலூர் வந்தார். தொழுநோயால மடங்கிப்போன விரல்களை, தசைநாணை இடம் மாத்தி வச்சு மறுபடி வேலை செய்ய வைக்க முடியும்னு காட்டினார். கை போனா பிழைப்பே போச்சு. ஒரு தறிக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்ல. இந்த வித்தையைக் கத்துக்க வெளிநாட்டு மருத்துவர்கள் இங்க வர ஆரம்பிச்சாங்க. கத்துக்கொடுக்க வந்த இடம், கத்துக்க வர்ற இடமா மாறிடுச்சு.

1977-ல் கே.வி.குப்பத்தில் ருஹ்சா என்ற ஊரக மையம் தொடங்கினாங்க. அதுக்கு அடுத்த வருஷம்தான் 1978 அல்மா-அட்டா பிரகடனம், ஆரம்ப சுகாதாரத்தை உலகத்துக்கே கொள்கையாச் சொன்னது. வேலூர்ல இருந்து கண்ணமங்கலம் வழியா ஆரணி பஸ் ஏறினா கணியம்பாடி வரும். அந்த வட்டாரக் கிராமங்கள்ல சி.எம்.சி. பல பத்தாண்டா வேலை செய்யுது. முதலாண்டு மாணவர்கள் கிராமத்துலயே தங்கி, வீடு வீடாப் போய் விசாரிச்சு, நோய் எங்கிருந்து வருதுன்னு கத்துக்குறாங்க. எலெக்டிவ் வர்ற வெளிநாட்டு மாணவர்களுக்கும் பெரிய வார்டு, கிராமம் ரெண்டையும் பாக்க வழி இருக்கு.

வார்டுல ஆயாவோட முட்டி ஒரு எக்ஸ்ரே. ஆரணி வீட்டுக்கு வந்து பாத்தா அது ஒரு குழித்தறி: கால் தொங்குற ஆழம், மிதிக்கட்டையோட உயரம், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், ஒரு புடவைக்கு எவ்வளவு கூலி. மாத்திரை எழுதுறவருக்கு ரெண்டும் தெரியணும். கிராம பிளேஸ்மென்ட்டோட பலன் அதுதான்.

ஆனா கணக்குல இன்னொரு பக்கம் இருக்கு. வர்றவங்களுக்கு அனுபவம், சான்றிதழ். இங்க உள்ளவங்களுக்கு? அவங்களுக்குச் சொல்லிக்கொடுக்கற டாக்டரோட நேரம் நோயாளியோட நேரத்துல இருந்துதான் போகுது. நம்ம ஊர் மாணவர் லண்டன்லயோ நியூயார்க்லயோ அதே மாதிரி நிக்கணும்னா விசா, பணம், காப்பீடு. போக்குவரத்து பெரும்பாலும் ஒருவழிப் பாதை. 2010-ல் வெளியான வெயிட் வழிகாட்டு நெறிமுறைகள் இதைத்தான் பேசுது: பலன் ரெண்டு பக்கமும் போகணும், மாணவர் தன் பயிற்சிக்கு மீறி எதையும் செய்யக் கூடாது, நோயாளியோட சம்மதம் வேணும். நம்ம பாஷையில சொன்னா, புதுசா சேர்ந்தவனுக்கு ப்ரொடக்‌ஷன் சர்வரைப் பாக்க அனுமதி உண்டு, கைவைக்க அனுமதி இல்ல. இங்க சர்வருக்குப் பதிலா ஒரு உடம்பு.

நீங்க மருத்துவ மாணவரா இருந்தா, அடுத்த முறை படுக்கை பக்கத்துல நிக்கும்போது பேரைச் சொல்லுங்க, மாணவர்னு சொல்லுங்க, பாக்கலாமான்னு கேளுங்க, பாத்ததை அவங்க மொழியில சொல்லிட்டு வாங்க. வெளிநாட்டு மாணவர்கூட நீங்க நின்னா, அந்த மொழிபெயர்ப்பு உங்க வேலை. கிரீன் தமிழ் கத்துக்கிட்டு செஞ்சது. நமக்குத் தமிழ் ஏற்கெனவே தெரியும்.

எடிட் முடிச்சுட்டு ஆயாவுக்கு போன் போட்டு இந்தக் கதை முழுக்கச் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "அதெல்லாம் சரி, என் முட்டிக்கு இன்னான்னு சொன்னாங்க?"ன்னாங்க. பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்திருக்கேன். இந்த ஞாயித்துக்கிழமை ஆரணி போய், டாக்டரா இருக்குற ஃப்ரெண்டை வீடியோ கால்ல வச்சு, தமிழ்லயே வரி வரியா சொல்லப் போறோம்.

அடுத்த எபிசோட்ல பாக்கலாம் மக்களே.