கொல்லிமலையும் பழைய டீசல் கார்களும்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பழைய டீசல் காரின் நலம் அறிய இதைவிடக் கறாரான இடம் நாமக்கல் வட்டாரத்தில் இல்லை.

இந்தியாவில் டீசல் எஞ்சின் குடும்பக் காருக்குள் பரவலாக நுழைந்தது 1980-ஐ ஒட்டி, அம்பாசடரில். 1489 சி.சி. எஞ்சின், ஏற்றத்தில் திணறும். ஆனால் பெட்ரோலைவிட டீசல் மலிவாக விற்றதால் வாடகைக்கு ஓட்டியவர்களுக்குக் கட்டுப்படியானது. 1998-இல் டாடா இண்டிகா அந்தச் சிக்கனத்தை நடுத்தர வீடுகளுக்குக் கொண்டுவந்தது. 2007-இல் வந்த மாருதி ஸ்விஃப்ட் டீசலில் டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின். பராமரிப்பில் அது பெரிய நிம்மதி.

மலையில் செலவு வைப்பவை கிளட்ச் பிளேட்டும் பிரேக்கும். இரண்டாவது கியரில் எஞ்சின் பிடிப்போடு இறக்கினால் பிரேக் தப்பும்; மிதித்துக்கொண்டே இறங்கினால் கருகல் வாடை வரும். பழைய காரை வாங்குவோர் ஆறிய எஞ்சினை முடுக்கிப் புகையைப் பார்க்க வேண்டும்: நீலமென்றால் ஆயில் எரிகிறது, அடர்கறுப்பென்றால் இன்ஜெக்டரையோ ஏர் ஃபில்டரையோ சந்தேகிக்கலாம். லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல்லில் டீசல் மெக்கானிக்குக்குப் பஞ்சமில்லை என்பது உண்மையான ஆறுதல்.

டீசலை மலிவாக வைத்திருந்த விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபரில் நீங்கியது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை மாசு விதி வந்ததும் மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது.