முன்னோர் பெயரில் கள்ளக் கையெழுத்து

சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுனில், காமன்வெல்த் டிரைவில், விரித்த கூடாரம் போன்ற நீலக் கூரையோடு நிற்கிறது 1965-இல் எழுந்த நற்கருணை ஆலயம். பக்கத்திலேயே முனீஸ்வரன் கோயில். ஆலயத்தில் செபமாலை உருட்டுகிறவர்கள் மரியாளை ‘இறைவனின் தாய்’ என்று அழைத்தால் இன்று யாரும் சண்டைக்கு வருவதில்லை. 431-இல் இந்த ஒரு பட்டத்துக்காக எபேசு நகரமே இரண்டுபட்டுக் கிடந்தது.

‘கிறிஸ்துவின் தாய்’ என்பதே சரி என்றார் கான்ஸ்டான்டிநோபிள் பேராயர் நெஸ்தோரியஸ். அலெக்சாந்திரியாவின் சிரில் விடவில்லை. அந்தியோக்கியா ஆயர்கள் வந்து சேரும் முன்பே, ஜூன் 22 அன்று சங்கத்தைக் கூட்டிவிட்டார். (கெட்டிக்காரத்தனம்தான், நியாயமா என்பது வேறு.) அன்று அவர் தரப்பு எடுத்த ஆயுதம் மேற்கோள். அத்தனாசியஸ், பசிலியார், சிப்ரியான், அம்புரோசு என மறைந்த பெரியவர்களின் பகுதிகளை வரிசையாக வாசித்தார்கள். நமக்குப் பழகிய வழிதான். தொல்காப்பியரே ‘என்ப’ என்று முன்னோர்மேல் பாரத்தைப் போட்டவர். எபேசில் அன்றே நெஸ்தோரியஸின் பதவி பறிபோனது.

ஆனால் ரோமாபுரி ஆயர்கள் ஜூலியஸ், பெலிக்ஸ் பெயர்களில் வாசித்தவை அவர்கள் எழுதியவை அல்ல. லவோதிக்கேயா ஆயர் அப்போலினாரிஸின் கூட்டத்தார் உலவவிட்டவை. கிறிஸ்துவுக்கு மனித அறிவு கிடையாது, அந்த இடத்தில் தேவவார்த்தையே இருந்தது என்றவர் அவர். 381-ஆம் ஆண்டுச் சங்கம் அந்தப் போதனையைக் கண்டித்தது. குருவின் எழுத்தைக் காப்பாற்ற, சீடர்கள் அதற்குப் புனிதர்களின் பெயர்களை ஒட்டினார்கள். ஆக, ஒரு பேதகரை விரட்ட இன்னொரு பேதகர் சாட்சி!

சிரில் தெரிந்து செய்யவில்லை, ஏமாந்தார். வார்த்தையான கடவுளுக்கு மனிதவுடல் எடுத்த ‘ஒரே இயல்பு’ என்ற தொடரையும் அத்தனாசியஸின் வாக்கென்றே நம்பினார். அதுவும் அப்போலினாரிஸ் சரக்கு. 532-இல், கான்ஸ்டான்டிநோபிளில் நடந்த விவாதத்தில், இத்தகைய ஏடுகளைப் போலி என்று மறுத்தவர் யார் தெரியுமா? எபேசு ஆயர் ஹிபேஷியஸ்! அதற்குள் அந்தத் தொடர் வேர்பிடித்துவிட்டது. எகிப்தின் காப்டிக் சபையும் கேரளத்து மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையும் இன்றும் அதைப் போற்றுகின்றன.

சூடுபட்ட பூனையாகிவிட்டார்கள் ஆயர்கள். 681-இல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்துக்கு அந்தியோக்கியாவின் பேராயர் மக்காரியஸ் கட்டுக்கட்டாக மேற்கோள் கொண்டுவந்தபோது, அந்நகரப் பேராயர் நூலகத்திலிருந்து மூலங்களை வரவழைத்து, உ.வே.சா. பாணியில் ஏட்டோடு ஏடு ஒத்துப்பார்த்தார்கள். தமக்கு ஆகாத இடங்களை அவர் வெட்டியது அம்பலமானது. பதவி போனது.

நெஸ்தோரியஸ் மட்டும் கிழக்கே பயணப்பட்டார், அங்குள்ள சபையின் வழிபாட்டில் ஒரு பெயராக. அந்தப் பெயரை வழிபாட்டிலிருந்து நீக்கச்சொல்லி 1599-இல் கேரளத்து உதயம்பேரூரில் ஒரு சங்கம் கூடியது. அது அடுத்த வாரம்.