மூடிய கதவுகளும் முன்னறிவிப்பில்லா வருகையும்

சித்திரவதை வெளிச்சத்துக்கு அஞ்சுவது. சாட்சிகள் இல்லாத நான்கு சுவர்களுக்குள்தான் அது நிகழ்கிறது. நிகழ்ந்த பின்னர் நீதிமன்றம் தண்டனை வழங்கலாம். ஆனால் சிதைந்த உடலையும் உள்ளத்தையும் எத்தீர்ப்பும் முழுமையாகச் சீராக்குவதில்லை. எனவே நிகழுமுன் தடுக்க வழியுண்டா என வினவிய ஒருவரை நாம் நினைவுகூர்வது தகும்.

ஜெனீவா நகர வழக்கறிஞரும் வங்கியாளருமான ழான் ழாக் கோத்தியே என்பவரே அவர். போர்க்கைதிகளைச் செஞ்சிலுவைச் சங்கத்தார் நேரில் சென்று காணும் வழக்கம் அவரைச் சிந்திக்க வைத்தது. வெளியார் எந்நாளும் வரக்கூடும் என்னும் நிலையே கொடுமைக்குத் தடையாகும் என அவர் உணர்ந்தார். அமைதிக்காலச் சிறைகளுக்கும் இவ்வழியை விரிவாக்க 1977ஆம் ஆண்டில் ஓர் அமைப்பை நிறுவினார். 1980இல் கோஸ்டாரிக்கா இக்கருத்தை ஐக்கிய நாடுகள் அவையின்முன் வைத்தது. ஆயினும் தம் சிறைக்கதவுகளைப் பிறருக்குத் திறக்க அரசுகள் எளிதில் இசையவில்லை.

ஐரோப்பிய மன்றம் முந்திக்கொண்டது. அதன் சித்திரவதைத் தடுப்பு உடன்படிக்கை 1987இல் உருவாகி, 1989 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. 1986இல் மறைந்த கோத்தியே அதனைக் காணவில்லை. 1990 மே மாதம் ஆஸ்திரியாவில் கண்காணிப்புக் குழு தன் முதல் பயணத்தை மேற்கொண்டது.

காவல் நிலையமோ, சிறையோ, மனநல மருத்துவமனையோ, எங்கும் இக்குழுவினர் முன்னறிவிப்பின்றி நுழையலாம். அடைபட்டோருடன் காவலர் இன்றித் தனித்து உரையாடலாம். ஆனால் கண்டவற்றை அரசிடம் மட்டுமே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அரசு இசைந்தாலன்றி அறிக்கை வெளிவராது.

கொடுமையைக் கண்டவர் வாய்மூடி இருப்பது அறமாகுமா என நாம் கேட்கலாம். இம்மௌனமே அவர்கள் உள்ளே செல்வதற்குக் கொடுத்த விலை. எனினும் அதற்கும் எல்லை உண்டு: அரசு ஒத்துழைக்க மறுத்தாலோ, நிலைமையைத் திருத்த மறுத்தாலோ குழு பகிரங்கமாகப் பேசலாம். துருக்கிக்கு மூன்று முறை சென்ற குழு, அங்காரா, தியார்பக்கீர் காவல் தலைமையகங்களில் சித்திரவதைக்கான கருவிகளையே கண்டது. 1992 டிசம்பரில் தன் முதல் பகிரங்க அறிக்கையை வெளியிட்டது.

கோத்தியேயின் கனவு உலகளவில் நனவாக மேலும் பத்தாண்டுகள் தேவைப்பட்டன. 2002இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற விருப்ப நெறிமுறை 2006இல் நடைமுறைக்கு வந்தது. பன்னாட்டுக் குழுவின் வருகையோடு, ஒவ்வொரு உறுப்பு நாடும் தன்னகத்தே சுதந்திரமான கண்காணிப்பு அமைப்பு ஒன்றை நிறுவவும் அது பணிக்கிறது. இலங்கை 2017இல் இதில் இணைந்தது. இந்தியாவோ, 1997இல் கையெழுத்திட்ட மூல உடன்படிக்கையையே இன்னும் உறுதிசெய்யவில்லை.

சிறையில் இருப்பவர் குற்றவாளியாகவும் இருக்கலாம், குற்றமற்றவராகவும் இருக்கலாம். கண்காணிக்க வருபவர் அதனை விசாரிப்பதில்லை. அவர் எவ்வாறு நடத்தப்படுகிறார் என்பதையே பார்க்கிறார். அவ்வினாவை நம் நாட்டுக் காவல் நிலையங்களின் வாயிலிலும் கேட்க நாம் துணிவோமா?