எழுத்தும் சாட்சியும்: தூத்துக்குடிக் கடற்கரை சொல்லும் பாடம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



எம் மதரஸாவில் ஓதும் சிறுவன் ஒருவனின் தந்தை சரக்குக் கிடங்கில் சுமை தூக்குபவர். நான்கு மாதக் கூலி நின்றுபோயிற்று என்று சென்ற ஆண்டு என்னிடம் வந்து கலங்கினார். கிடங்கின் உரிமையாளரோ, "எல்லாம் கொடுத்தாயிற்று" என்று கூறிவிட்டார். இவரிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. உண்மையறிந்த சக தொழிலாளி ஒருவர் உண்டு, ஆனால் "எனக்கு ஏன் வம்பு?" என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். இருவரும் ஒரே ஸஃப்பில் நின்று தொழுபவர்கள். அதுவே என் நெஞ்சைச் சுட்டது.

திருமறையின் மிக நீண்ட வசனம் சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம். அது கொடுக்கல் வாங்கலைப் பற்றியது. தவணைக் கடனை எழுதி வைக்க வேண்டும். எழுதுபவர் நேர்மை தவறலாகாது. தொகை சிறிதாயினும் எழுதுவதில் சலிப்படையக் கூடாது. சாட்சிகளை நிறுத்த வேண்டும். அழைக்கப்படும்போது சாட்சிகள் மறுக்கலாகாது என்பன அதன் கட்டளைகளுள் சில. எழுத்தையும் சாட்சியையும் அல்லாஹ் ஒருசேர வைத்திருக்கிறான். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் உரிமை தளர்ந்துவிடும் என்பதற்கு நம் கடற்கரையின் வரலாறே சான்று.

மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பைப் பற்றி மார்க்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய குறிப்பு புகழ்பெற்றது. வணிகர்கள் கூட்டாகச் சேர்ந்து முதலிடுவர். குளிப்பவர்களைக் கூலிக்கு அமர்த்துவர். கிடைப்பதில் பத்தில் ஒன்று அரசனுக்கும், சுறாக்களை மந்திரத்தால் கட்டுவோராகக் கருதப்பட்டவர்களுக்கு இருபதில் ஒன்றும் சேரும் என்கிறார் அவர். கூட்டு வணிகம், கூலி, வரி ஆகிய மூன்றும் இக்கரைக்குப் புதியவை அல்ல.

இவை நவீனச் சட்டத்தின் உருவில் சோதனைக்கு உள்ளான களமும் தூத்துக்குடியே. 1906ஆம் ஆண்டு வ.உ.சிதம்பரம் பிள்ளை அவர்கள் சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவினார். மூலதனம் 10 இலட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அவற்றுள் 8,000 பங்குகளை, அதாவது 2 இலட்சம் ரூபாய்க்கு, ஹாஜி முஹம்மது பக்கீர் சேட் அவர்கள் ஒருவரே வாங்கினார். மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஒரு முஸ்லிம் வணிகரின் பணம். அந்த நம்பிக்கைக்கு அடித்தளமாக எழுத்து இருந்தது. கம்பெனிச் சட்டப்படி பதிவு பெற்ற சங்கத்தில் எவர் எத்தனை பங்கு உடையவர், நட்டம் நேர்ந்தால் எவர் எம்மட்டும் பொறுப்பு என்பன ஏட்டில் ஏறிய செய்திகள். வேற்றுச் சமயத்தவர் ஒருவரையொருவர் நம்பித் தோள் கொடுக்க அது வழி செய்தது.

ஆயினும் எழுதப்படாத இடமும் ஒன்று இருந்தது. சங்கத்தின் காலியா, லாவோ கப்பல்கள் கொழும்புக்கு ஓடத் தொடங்கியதும், பிரிட்டிஷ் இந்தியக் கப்பல் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிச் சங்கம் அரை ரூபாய்க்கு இறங்கியது. உடனே அக்கம்பெனி இலவசப் பயணம் என்றும், அதனோடு குடையும் இலவசம் என்றும் அறிவித்தது. எதிரியை ஒழிப்பதற்காக அடக்கவிலைக்கும் கீழே விற்பதைத் தடுக்கும் சட்டம் அன்று இல்லை. சந்தையில் மேலாதிக்கம் பெற்ற நிறுவனம் அவ்வாறு செய்வதை இன்று 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் விலக்குகிறது. சுதேசிச் சங்கமோ 1911இல் கலைக்கப்பட்டது.

எழுத்து இருந்தும் பயன்படாத இடம் கோரல் ஆலை. ஆலைத் தொழிலாளருக்கு வார ஓய்வு 1891ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இடம்பெற்றிருந்தது. எனினும் 1908 பிப்ரவரி 27 அன்று அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, ஊதிய உயர்வோடு வார விடுமுறையையும் கோர வேண்டியிருந்தது. தொழிற்சங்கத்துக்குச் சட்டக் காப்பு 1926இல்தான் வந்தது. அன்று அதுவும் இல்லை. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணைநிற்க, ஒன்பது நாள்களில் ஊதிய உயர்வும், வேலை நேரக் குறைப்பும், ஞாயிறு விடுமுறையும் கிட்டின. ஏட்டிலிருந்த உரிமை, மனிதர்கள் எழுந்து நின்று சான்று பகர்ந்த பின்னரே கைக்கு வந்தது.

அதற்கான விலையும் பெரிது. மார்ச் 12 அன்று வ.உ.சி. கைது செய்யப்பட்டார், ஜூலை 7 அன்று இரட்டை ஆயுள் தண்டனை பெற்றார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1912 டிசம்பரில் விடுதலையானார். அவ்வழக்கில் சாட்சியம் அளித்தவர்களுள் கவிஞர் சுப்பிரமணிய பாரதியும் ஒருவர். அரசின் கண் தம்மீதும் இருந்த காலத்தில், "எனக்கு ஏன் வம்பு?" என்று அவர் ஒதுங்கவில்லை.

வழக்கை எழுப்புபவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்பது 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் வகுத்த அடிப்படை. வாதிடுபவர் மீது ஆதாரம், மறுப்பவர் மீது சத்தியம் என்ற நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டுதலை மதரஸாவில் ஓதியவர்க்கு இது அந்நியமாகத் தோன்றாது. வேறுபாடும் உண்டு: திருமறை கடனுக்கு இரு ஆண்களையோ, ஓர் ஆணும் இரு பெண்களையுமோ சாட்சியாகக் கேட்கிறது, இந்தியச் சட்டம் எண்ணிக்கை எதையும் பொதுவாக வரையறுக்கவில்லை. உண்மை பேசும் ஒருவரே போதுமாகலாம். அந்த ஒருவரும் வாய் மூடினால் என்ன செய்வது?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம், கைப்பேசிச் செய்தியையும் ஆவணமாகக் கொள்கிறது. அதற்குரிய சான்றிதழ் வேண்டும். ஆகவே, கூலி பெறும் நாளில் ஒரு வரிச் செய்தியேனும் எழுதி வாங்குங்கள். படகிலோ கடையிலோ கூட்டுச் சேர்ந்தால், உடன்பிறந்தாரே ஆயினும் பங்கை எழுதிக்கொள்ளுங்கள். எழுதச் சொல்வது அவநம்பிக்கை ஆகாது, அது இறைக்கட்டளை. கூலி கொடுப்பவர்களோ, வியர்வை உலருமுன் கொடுக்கச் சொன்ன நபிமொழியை நினைவில் கொள்ளட்டும்.

அந்தத் தந்தைக்கு வருவோம். ஜும்ஆவுக்குப் பின் அச்சகோதரரிடம் 282ஆம் வசனத்தின் பொருளை எடுத்துரைத்தேன். இரண்டு வாரம் கழித்து அவர் தாமாகவே வந்து, தாம் கண்டதைக் கண்டபடி சொல்வதாக ஒப்புக்கொண்டார். அதன் பின்னர் பேச்சுவார்த்தையிலேயே மூன்று மாதக் கூலி கிடைத்தது. நான்காம் மாதக் கூலி இன்னும் வரவில்லை. அதற்கு எழுத்து இல்லை. அம்மாதம் அச்சாட்சியும் ஊரில் இல்லை.

நமக்கோ, பெற்றோருக்கோ பாதகமாயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்போராய் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.